ஆங்கிலம் படிக்கத் தெரியும், கேட்கத் தெரியாது!

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் தொண்ணூறுக்கு மேல் மார்க். வாத்தியார் கரும்பலகையில் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடும் பையன். தமிழ் மீடியம். அவனியாபுரத்தில் டவுன் பஸ் ஏறி, மதுரையில் ஏதோ ஒரு கல்லூரிக்கு பி.காம். முதல் வருடம் போகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பீரியட். லெக்சரர் வருகிறார், நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறார், போகிறார். பையனின் நோட்டில் தேதி இருக்கிறது, தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நடந்த பாடம் அவனுக்கு அத்துப்படி. தேய்மானம்! நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு வருடம் போட்டுப் பழகிய அதே கணக்கு. ஆனால் வகுப்பில் அவன் காதில் விழுந்ததோ 'டெப்ரிசியேஷன்'. பற்று 'டெபிட்' ஆகிவிட்டது, பேரேடு 'லெட்ஜர்' ஆகிவிட்டது, வாராக்கடன் 'பேட் டெட்' ஆகிவிட்டது. தெரிந்த ஊருக்குள் கண்ணைக் கட்டி விட்டது போல உட்கார்ந்திருக்கிறான்.

மதுரையைச் சுற்றியுள்ள எந்தக் கல்லூரியிலும், முக்கியமாகக் கலை அறிவியல் கல்லூரிகளில், இந்தப் பையனையோ இவனைப் போன்ற ஒரு பெண்ணையோ கடைசி இரண்டு பெஞ்சுகளில் பார்க்கலாம். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸாகி, டிகிரியோடு வெளியே வருவார்கள். 'அவனுக்கு இங்கிலீஷ் வராதுப்பா' என்று ஒரு வரியில் அவர்கள் கதையை முடித்துவிடுவார்கள்.

அது உண்மையா? இங்கிலீஷ் வராதவனா அவன்?

கண்ணுக்குத் தெரிந்த ஆங்கிலம்

அதே லெக்சரர் பேசியதை அப்படியே தாளில் அச்சடித்து அந்தப் பையனிடம் கொடுத்தால் முக்கால்வாசி புரிந்துவிடும். நான்கைந்து சொற்களுக்கு அகராதி பார்ப்பான், அவ்வளவுதான். ஆக, அவனிடம் ஆங்கிலம் இருக்கிறது. அது கண்ணில் இருக்கிறது, காதில் இல்லை.

எப்படி இருக்கும்? பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் ஒரு பாடம். ஆனால் தமிழ் மீடியம் பள்ளிகளில் பெரும்பாலும் ஆங்கிலப் பாடத்தையும் தமிழில்தான் விளக்குகிறார்கள். பாடத்தை ஒருமுறை வாசிப்பார்கள், அர்த்தம் தமிழில் சொல்வார்கள், கேள்வி பதிலை எழுதிப் போடுவார்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கேட்டல் பயிற்சி என்று ஒரு பகுதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று மணி நேரப் பொதுத்தேர்வு பேனாவுக்கும் தாளுக்கும் உரியது. அங்கே காதுக்கு வேலை இல்லை. தேர்வில் வராததை எந்தப் பள்ளி விழுந்து விழுந்து நடத்தும்?

கண்ணால் கற்ற ஆங்கிலம் காதுக்கு எப்படித் துரோகம் செய்யும் என்பதற்கு காமர்ஸ் பாடத்திலேயே உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கடனைக் குறிக்கும் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தவன் மனதில் அது 'டெப்ட்'. வகுப்பில் கேட்பது 'டெட்'. ரசீது அவனுக்கு 'ரிசிப்ட்', லெக்சரர் சொல்வது 'ரிசீட்'. அடமானம் அவனுக்கு 'மார்ட்கேஜ்', அவர் வாயில் 'மார்கேஜ்'. பார்த்தவுடன் தெரிகிற சொற்கள் எல்லாம் கேட்டவுடன் அந்நியமாகிவிடுகின்றன.

எண்களின் கதை இன்னும் மோசம். பதினைந்துக்கு 'ஃபிஃப்டீன்', ஐம்பதுக்கு 'ஃபிஃப்டி'. கடைசி அசை நீள்கிறதா, அழுத்தம் எங்கே விழுகிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டும். பதிமூன்றும் முப்பதும், பதினாறும் அறுபதும் இப்படித்தான். பதினைந்தாயிரத்தை ஐம்பதாயிரம் என்று எழுதிக்கொண்டவனுக்கு இருப்பாய்வு எப்படி டேலி ஆகும்? கணக்கு தெரியாமல் தப்பு வந்ததாக அவனே நம்பிவிடுவான்.

இதற்கு மேல், பேசும் ஆங்கிலத்தில் சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். 'ஷுட் ஹேவ் பீன்' என்று மூன்றாக எழுதுவது 'ஷுடபின்' என்று ஒன்றாக வந்து விழும். 'ஆஃப்', 'டு', 'ஃபார்' போன்ற சின்னச் சொற்கள் தேய்ந்து மூச்சுக்காற்றாகப் போய்விடும். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற அசைக்குத்தான் மரியாதை, மற்றவை அமுங்கிப் போகும்.

இதெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிடக் கூடாது. புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு ஒரு வெளிநாட்டுக்காரர் மதுரைக்கு வருகிறார். அவருக்குத் தெரிந்தது 'எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள்?' பெரியார் பஸ் ஸ்டாண்டில் அவர் காதில் விழுவது 'எங்கிட்டுப் போய்க்கிட்ருக்கீக?' அவர் திருதிருவென்று விழிப்பார். அவரைப் பார்த்து யாராவது மக்கு என்று சொல்வார்களா? 'பாவம், புத்தகத் தமிழ் படிச்சிருக்கார், நாலு நாள் இருந்தா சரியாப் போயிரும்' என்பார்கள். அந்தக் கருணை அவனியாபுரத்துப் பையனுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

ஜல்லிக்கட்டு மைக்கும் கல்லூரி மைக்கும்

தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் பக்கம் மைக்கில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருப்பார். எந்த ஊர் மாடு, யாருடைய மாடு, என்ன பரிசு, மாடு பிடிபட்டதா, மாடு ஜெயித்ததா என்று வேகமாக வந்து விழும். ஸ்பீக்கர் இரைச்சல், கூட்டத்தின் விசில், அதற்கு நடுவே. வெளியூரில் இருந்து வந்த தமிழருக்கே பாதி புரியாது. அவனியாபுரத்துப் பையனுக்கு ஒரு சொல் தப்பாது.

அவன் காது என்ன ஸ்பெஷல் காதா? அடுத்து என்ன வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். ஊர்ப் பெயர் வரும், பிறகு மாட்டுக்காரர் பெயர் வரும், பிறகு பரிசு வரும். பாதிச் சொல் காதில் விழுந்தாலே மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். கேட்டுப் புரிந்துகொள்வதில் பாதி வேலை காதுடையது, மீதி முன்பே தெரிந்து வைத்திருப்பது. சின்ன வயதில் இருந்து வருடா வருடம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது.

இதே மதுரையில் இன்னொரு சாட்சியும் உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் வரிசையாகத் தையல்காரர்கள் இருந்தார்கள். பிறகு அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. வெளிநாட்டுப் பயணிகளிடம் அளவு எடுத்து, துணி காட்டி, விலை பேசி, மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் அளவுக்கு அவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். பிரெஞ்சுக்காரர் பேசும் ஆங்கிலம், ஆஸ்திரேலியக்காரர் பேசும் ஆங்கிலம் எல்லாமே அவர்களுக்குப் புரிந்தது. கல்லூரிப் படியேறாமலே ஒருவர் காதால் மொழியைப் பிடிக்க முடியும் என்பதற்கு அந்த மண்டபமே சாட்சி. புரியாவிட்டால் கூச்சப்படாமல் திருப்பிக் கேட்டார்கள். கேட்காவிட்டால் சட்டையின் அளவு தப்பாகிவிடும்!

கல்லூரி வகுப்பில் இந்த இரண்டுமே இல்லை. என்ன வரப்போகிறது என்று பையனுக்குத் தெரியாது. புரியாததைத் திருப்பிக் கேட்க வாய் வராது. சாதாரண வேகத்தில் ஆங்கிலம் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் பேசுகிறார். நாற்பது நிமிடத்துக்கு 6,000 சொற்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் தமிழாக்கிப் பார்க்கிறவன் ஒன்றை முடிப்பதற்குள் மூன்று போய்விடும். பத்தாவது நிமிடத்தில் களைத்துப் போய் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

தலையாட்டும் பழக்கம்

லெக்சர் கூடப் பரவாயில்லை, ஒருவழிப் பாதை. பேச்சு இன்னும் சங்கடம். ஆபீஸில் ஃபீஸ் கட்டப் போனாலும், செமினாரில் யாராவது கேள்வி கேட்டாலும், கேன்டீனில் இங்கிலீஷ் மீடியம் கும்பல் ஜோக் அடித்தாலும் பாதிதான் புரியும். 'பார்டன்' என்று கேட்டால் 'தமிழ் மீடியமா?' என்று பதில் கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே, புரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். மூன்று வருடத்தில் முழுசாகத் தேறுவது இந்த நடிப்பில்தான்.

இதற்குப் பரிகாரமாகச் சில நல்ல மனசுக்கார லெக்சரர்கள் எல்லாவற்றையும் தமிழிலேயே நடத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்லி எழுதச் சொல்வார்கள். பாடம் புரியும், பாஸும் ஆகிவிடலாம். ஆனால் காது அப்படியே இருக்கிறது. மூன்றாம் வருடம் ஒரு கம்பெனியில் இருந்து போனில் இன்டர்வியூ வரும்போது, முகமும் தெரியாமல், உதட்டசைவும் தெரியாமல், வெறும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய கட்டத்தில் அந்த உண்மை வெளியே வரும். முதல் கேள்வியிலேயே போன் வைக்கப்பட்டுவிடும்.

'அப்படியானால் எல்லாவற்றையும் தமிழிலேயே நடத்திவிட்டுப் போகலாமே' என்பார்கள். நியாயமான கேள்விதான். தமிழில் பட்டப்படிப்பு என்பது புதிய யோசனையும் அல்ல. 1960லேயே கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. சோதனையாகத் தொடங்கப்பட்டது. 2010ல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அதே 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழிலும் தொடங்கியது. தாய்மொழியில் படிப்பதுதான் விஷயம் புரிவதற்கு நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தப் பையனுக்குத் தேய்மானம் அத்துப்படி ஆனதே தமிழில் படித்ததால்தான்.

ஆனால் பி.காம். படிப்பவனின் பாதை கல்லூரி வாசலோடு முடிவதில்லை. சி.ஏ. ஆக வேண்டும் என்று அவன் கனவு கண்டால், அந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. ஆடிட்டர் ஆபீஸ், வங்கியின் தலைமையகம், வெளி மாநில வாடிக்கையாளர் எல்லாரிடமும் ஆங்கிலத்தைக் காதால் வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழில் புரிந்துகொள்ளும் உரிமையும் வேண்டும், ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிப்பது இரண்டையும் கெடுக்கும்.

தலைக்கு மேலே போகும் விமானம் சொல்லும் பாடம்

அவனியாபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் மதுரை விமான நிலையம். தாழப் பறந்து போகும் விமானத்துக்குள் இருக்கும் பைலட்டுக்கும் கேட்டுப் புரிந்துகொள்ளும் பிரச்சினை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். மூடுபனி ஒரு காரணம். ரேடியோப் பேச்சு இன்னொரு காரணம். ஒரு விமானத்தில் இருந்து ஆங்கிலத்தில் சொன்ன வாக்கியத்தைக் கட்டுப்பாட்டு அறை வேறு பொருளில் எடுத்துக்கொண்டது. அடுத்த நொடி இரண்டு பேர் ஒரே சமயத்தில் ரேடியோவில் பேசியதால், முக்கியமான எச்சரிக்கையும் சரியாகக் கேட்காமல் போனது.

இப்படிப்பட்ட விபத்துகளில் இருந்து விமான உலகம் என்ன கற்றுக்கொண்டது? எல்லாரும் ஒரே மாதிரி, தெளிவான, குறிப்பிட்ட சொற்களில் பேச வேண்டும் என்பதைக் கறாராக்கியது. கேட்ட உத்தரவைப் பைலட் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதற்கு அழுத்தம் கொடுத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த மொழித்திறன் விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆறு அம்சங்களைப் பார்க்கிறார்கள். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம் ஆகியவற்றோடு கேட்டுப் புரிந்துகொள்வதும் ஒன்று. ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலையாவது எட்ட வேண்டும்.

உயிர் போகிற விஷயத்தில் 'அவனுக்கு இங்கிலீஷ் வராது' என்று யாரும் கேலி செய்துவிட்டுப் போகவில்லை. கேட்பது ஒரு திறமை, அதைக் கற்றுக்கொடுக்கலாம், சோதிக்கலாம், பேசுகிறவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று முடிவு செய்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான் பார்க்கின்றன. 1989ல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டலுக்கென்றே தனிப் பகுதி, 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். அதன் கடைசிப் பகுதி கல்லூரி லெக்சர் போன்ற ஒரு உரை.

என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டியதில்லை. கல்லூரிகளும் மாணவர்களும் நாளைக்கே ஆரம்பிக்கக் கூடியவை இவை:

1. முதல் வருட மாணவனுக்கு முதல் வாரமே இரண்டு பக்கச் சொல்பட்டியல் ஒன்று. தேய்மானம் என்றால் டெப்ரிசியேஷன், கடனீந்தோர் என்றால் கிரெடிட்டர்ஸ் என்று, உச்சரிப்பைத் தமிழில் எழுதியே கொடுக்கலாம். வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.

2. லெக்சரர் அன்றைய பத்துச் சொற்களையும் எல்லா எண்களையும் போர்டில் எழுதிவிட்டுப் பேச வேண்டும். கொஞ்சம் மெதுவாகப் பேசுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1959லேயே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, சுமார் 1,500 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்தி வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றை உலகத்துக்கே ஒலிபரப்பத் தொடங்கியது.

3. நாளைய பாடத்தை இன்று இரவு தமிழிலேயே படித்துவிட்டுப் போக வேண்டும். ஜல்லிக்கட்டு மைக் புரிகிற ரகசியம் இதுதான். தெரிந்த விஷயத்தைக் கேட்கும்போது காதுக்குப் பாதி வேலை மிச்சம்.

4. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் கணக்கியல், நிதி சார்ந்த பாடங்களும் இலவசமாக வீடியோவில் கிடைக்கின்றன. தினம் பத்து நிமிடம் போதும். முதலில் எழுத்து இல்லாமல் கேட்பது, பிறகு வசனத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்பது, மூன்றாவதாக மறுபடியும் எழுத்து இல்லாமல் கேட்பது. வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து ஆரம்பித்தாலும் தப்பில்லை. சினிமா பார்ப்பதை விட இது போரடிக்கும். ஆனால் வகுப்பில் வரும் சொற்கள் இதில்தான் இருக்கின்றன.

5. பைலட் மாதிரி திருப்பிச் சொல்வது. புரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், 'சார், நீங்க சொன்னது ஃபிஃப்டீன் தௌசண்ட்தானே?' என்று கேட்கலாம். இப்படிக் கேட்பவனை யாரும் மக்கு என்று சொல்ல மாட்டார்கள், கவனமாகக் கேட்கிறான் என்பார்கள். ஒருவன் ஆரம்பித்தால் பத்துப் பேர் கேட்பார்கள்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, செமஸ்டர் ஆங்கிலத் தாளில் கேட்டலுக்குப் பத்து மார்க்காவது வைக்க வேண்டும். மார்க் வந்துவிட்டால் பயிற்சி தானாக வரும். 2022ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் மாணவனின் வேலைவாய்ப்புத் திறனைப் பற்றி அக்கறை காட்டுகின்றன. அந்த அக்கறை அன்றாட வகுப்பறைக்குள்ளும், பல்கலைக்கழகக் கேள்வித்தாளுக்குள்ளும் நுழைய வேண்டும்.

சோம்பேறித்தனத்துக்கு இங்கே வக்காலத்து இல்லை. மூன்று வருடமும் ஒரு ஆங்கில வாக்கியத்தைக் கூட முழுதாகக் கேட்க முயற்சி செய்யாமல் 'நான் தமிழ் மீடியம்' என்று சொல்லித் தப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. ஆனால் முயற்சி செய்யத் தயாராக இருப்பவனுக்கு, அவன் பிரச்சினை மூளையில் இல்லை, பழகாத காதில் இருக்கிறது என்பதையாவது யாராவது முதல் வாரமே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விடுவதால்தான் கணக்கில் புலியாக இருந்த பையன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்ப ஆரம்பிக்கிறான். இழப்பு அவனுக்கு மட்டும் இல்லை.

திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி. 41 கல்லாமை. அடுத்த 42ஆம் அதிகாரம் கேள்வி. அதாவது, கேட்டல். படிப்புக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், கேட்பதற்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். தமிழில் கேள்வி என்ற ஒரே சொல்தான் காதால் கேட்பதையும் குறிக்கிறது, வாயால் கேட்பதையும் குறிக்கிறது. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் கிடைக்க வேண்டும்.

அடுத்த முறை வகுப்பில் யாராவது 'பார்டன்' என்று கேட்டால், 'தமிழ் மீடியமா?' என்று கேட்பதற்கு முன்னால் சொன்னதை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமே!